ஆயிரம் சாக்கு

“இருவது சாக்குதானுங்க தம்பி. பாதி அளவுல, வாய் குறுகலாத் தெச்சுக் குடுக்கணும்.”

வாசலில் நின்ற முனிவேல் சொல்லி முடிக்கும்வரை பாக்கியராஜ் தலை நிமிரவில்லை. கோணி ஊசி அவன் கையில் பறந்துகொண்டிருந்தது. மூக்கண்டப்பள்ளியில் வாடகைக்குப் பிடித்த அந்தக் கொட்டகையில், அவனுக்குப் பின்னால் சாக்குகள் கூரை வரைக்கும் அடுக்கிக் கிடந்தன.

“இருபதா? நேரமில்லண்ணே. ஆயிரம் சாக்கு ஆர்டர் கையில இருக்கு. இன்னும் முன்னூறு பாக்கி.”

“நாட்றாம்பாளையத்துலருந்து பஸ் ஏறி வந்தேனுங்க. எங்க மலையில கழுதைதான் புளி சுமக்குது. பெரிய சாக்கு பாறையில உரசிக் கிழிஞ்சுடுது. இது சரியா அமைஞ்சா ஊரு பூராவும் உங்ககிட்டதான் வரும்.”

“இந்த ஆர்டர் முடியட்டும், பாக்கலாம்.”

பாக்கியராஜின் மனைவி ஆரோக்கியசெல்வி முனிவேலை உட்காரச் சொல்லி, ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். பிறகு கணவன் பக்கத்தில் வந்தாள். அவள் கையில் ஒட்டிய உறை ஒன்று இருந்தது.

“என்னங்க, இதை இன்னிக்கே போடணுமா?”

அது ராஜினாமாக் கடிதம். திண்டுக்கல்லில் ஒரு மில்லில் மேஸ்திரியாக இருந்தவன் பாக்கியராஜ். தொழில் தொடங்கிப் பார்க்கிறேன் என்று மூன்று மாதம் லீவு எடுத்து வந்தான். சனிக்கிழமையோடு லீவு தீர்கிறது. உறை தபால் பெட்டிக்குள் விழுந்தால் மில் வேலை போனதுதான். செல்விக்கு வயிற்றில் ஐந்து மாதம். அந்த உறையைப் பிடித்திருக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

“ஏன் பயப்படுற? மூணு மாசத்துல நம்ம தொழில் எங்க வந்து நிக்குது பாரு. கூரை வரைக்கும்!”

“நிக்குதுங்க. நகரக் காணோமே, அதான் கவலை.”

பாக்கியராஜ் சிரித்தான். அவனைச் சோம்பேறி என்று யாரும் சொல்லிவிட முடியாது. விடியுமுன் எழுந்துவிடுவான். தைத்த ஒவ்வொரு சாக்கிலும் ‘இரட்டைப் புறா, 1968’ என்று முத்திரை குத்தி, வரிசை எண்ணும் போடுவான். இன்றைக்கு எத்தனை தைத்தாய் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் டாண் என்று பதில் வரும். எத்தனை விற்றாய் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது.

“அத்திப்பள்ளி திம்மப்பன் மொதல்ல அம்பது எடுத்தாரே, அது நகர்ந்ததுதானே?” என்றான்.

எல்லையைத் தாண்டினால் மைசூர் ராஜ்யம். அங்கே அத்திப்பள்ளியில் ராகி மண்டி வைத்திருப்பவர் திம்மப்பன்.

“அடுத்த அம்பதைத் திருப்பிக் கொண்டாந்தீங்களே?”

“சில்லறையா எடுக்கிற ஆளா அவரு? மொத்தமா ஆயிரம் கேட்டுட்டாரு. ஆயிரமும் சேந்தப்புறம்தான் வண்டி கட்டணும்.”

“கேட்டது நெசம்தானே?”

“என் ரெண்டு காதாலயும் கேட்டேன் செல்வி.”

செல்வி உறையை நீட்டினாள். பதினோரு மணிக்குத் தபால்காரர் பெட்டியைத் திறக்க வருவார் என்பதால் பாக்கியராஜ் ஓட்டமும் நடையுமாகத் தெருமுனைக்குப் போனான். கடிதத்தைப் போட்டான். தபால்காரர் பையைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு ஓசூர்ப் பக்கம் போவதையும் பார்த்துவிட்டுத்தான் திரும்பினான். இனிமேல் நான் யாருக்கும் மேஸ்திரி இல்லை என்று நினைத்தபோது அவனுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

முனிவேல் கிளம்புவதற்காக எழுந்திருந்தார்.

“தம்பி, உள்ளாற பேசுனது காதுல விழுந்துச்சு. ராகி மண்டி திம்மப்பனா ஆர்டர் குடுத்தது? நானும் அவருகிட்ட ராகி போட்டிருக்கேன். அவருக்கு ஒரு சொல்லு தமிழ் வராதே. எப்படிப் பேசிக்கிட்டீங்க?”

“யாருண்ணே சொன்னது வராதுன்னு? ரெண்டாவது அம்பதை இறக்கப் போனேன். அப்படியே நிறுத்தி, ரெண்டு கையையும் என் மூஞ்சிக்கு நேரா விரிச்சு, ‘சாக்கு! சாக்கு!’ன்னு தமிழ்லயே சொன்னாரு. பத்து விரலு, விரலுக்கு நூறு. ஆயிரம் சரிதானே?”

முனிவேல் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

“அது தமிழ் இல்லீங்க தம்பி, கன்னடம். நாம சொல்ற சாக்கை அவங்க ‘சீலா’ன்னுவாங்க. அவங்க ‘சாக்கு’ன்னு சொன்னா, ‘போதும்’னு அர்த்தம்.”