ஓடைப் பாதையில் செவலை

“ஏட்டி பொன்மணி, காரியாபட்டிக்கு வாக்கப்பட்டுப் போறவ, நாயையும் சைக்கிள் பின்னாடியே ஓட்டிட்டுப் போகப் போறியாக்கும்?” என்று பக்கத்து வீட்டு மாரித்தாய் ஒருநாள் கேட்டாள். பொன்மணி சிரித்ததோடு சரி.

ஒரு மாதமாக ஓடையோரத்து மண்பாதையில் அவள் சைக்கிள் மிதிக்க, செவலை கூடவே ஓடிப் பழகியது. சுடிதாருக்கு மேல் ஓர் அழுக்குச் சட்டையை மாட்டியிருந்தாள். அதன் வாடைக்கு முதலில் பத்தடி தள்ளி ஓடிய நாய், கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வந்தது.

“மாப்பிள்ள வீட்டுக்காரக இந்தக் கோலத்தப் பாத்தா அம்புட்டுத்தான்!” என்றாள் மாரித்தாய்.

“பாக்கட்டும்த்தே.”

கல்யாணத்துக்கு நாலு நாள் இருந்தது. பட்டாசுக் கம்பெனிக்குக் கிளம்பிய அப்பா சங்கிலிமுத்துவைப் பொன்மணி நிறுத்தினாள்.

“இனிமே செவலையும் கூட வரும்ப்பா. கம்பெனி கேட்டுக்கு வெளிய படுத்துக்கிடும். போன மாசம் மாதிரி மயங்கி ஓடைக்குள்ள விழுந்தீகன்னா, கொலைச்சே ஆளக் கூட்டிரும். தேடி வர நானும் இருக்க மாட்டேன்ல?”

“பட்டாசு மருந்து வாடைன்னாலே எட்ட ஓடுமேத்தா இது!”

“ஒங்க கம்பெனிச் சட்டையத் துவைக்காமப் போட்டுத்தான் பழக்குனேன்.”

செவலை அவர் சட்டையை முகர்ந்தது, விலகவில்லை.

சங்கிலிமுத்து மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சைக்கிளில் ஏறி, நாய்க்குத் தோதாக மெதுவாக மிதித்துக்கொண்டு போனார்.