கைசருக்கு உள்ளது

“மாமா, அந்த டின்னுல கை வச்சுப்போடாதீங்க. கைசருக்கு உள்ளதாக்கும். அவனுக்கு நான்தான் எடுத்துக் குடுப்பேன். வேற ஆரும் குடுக்கண்டாம், கேட்டியளா?”

செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டு லிஜா பஸ்ஸுக்கு ஓடினாள். நெய்யாற்றின்கரையில் துணிக்கடை வேலை. பகல் முழுக்க நின்றே ஆக வேண்டிய வேலை.

சுவாமிதாஸ் கட்டிலில் புரண்டு படுத்தார். மருமகளோடு அவருக்குப் பேச்சுவார்த்தை இல்லை. பேச்சு மட்டுமா, அவள் கையால் சோறும் இல்லை.

மனைவி செல்லபாய் கண்ணை மூடிய பிறகு அடுக்களை லிஜாவின் பொறுப்பானது. மகன் நிஜின் மஸ்கட்டில். ஒரு நாள் வேலை முடிந்து தள்ளாடிக்கொண்டு வந்தவள், சூடான மீன்சோற்றை நாய் கைசருக்கும், நாய்க்கு வைத்திருந்த பழைய சோற்றை மாமனாருக்கும் வைத்துவிட்டாள். அசதியில் தட்டு மாறிப்போயிற்று என்று அவள் அழுதாள். கேட்டாரா மனுஷன்? வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.

“இனி உன் கையால ஒரு வாய் தின்னேன்னா நான் மனுசன் இல்ல. நாயாக்கும்!”

சபையில் கமிட்டி மெம்பராக இருந்தவர். சொன்ன சொல்லை விழுங்குவாரா? குன்னத்துகால் ஜங்ஷன் டீக்கடையில் புட்டும் சாயாவுமாக நாளை ஓட்டினார். பல்லில்லாத வாய்க்கு அதுவும் சரியாக இறங்கவில்லை. நாலு படி ஏறினால் கண் இருட்டியது. ஒரு நாள் முற்றத்திலேயே விழுந்துவிட்டார்.

“ரத்தம் தீரக் குறைவு. இப்படியே போனா ஆளு மிஞ்சமாட்டாரு” என்றார் டாக்டர். பழங்கள், பேரீச்சை, கிஸ்மிஸ் எல்லாம் தினமும் தின்னச் சொன்னார். கூடப் போயிருந்த லிஜா அத்தனையும் வாங்கி வந்து, கழுவி, கிண்ணத்தில் போட்டு அவர் முன்னால் வைத்தாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அதன்பிறகு அவளும் கெஞ்சவில்லை. விட்டது தொல்லை என்று நாயைத் தாங்க ஆரம்பித்துவிட்டாள். வீங்கின காலோடு வேலையிலிருந்து வந்ததும், கனிந்த பாளையங்கோடன் வாழைப்பழத்தையும் பப்பாளியையும் பிசைந்து, ஓட்ஸ் பொடி சேர்த்து, வட்டம் வட்டமாகத் தட்டி ஓவனில் வைப்பாள். நாய்க்குப் பிஸ்கட்டாம்! வீடெல்லாம் மணக்கும். நாய்க்கு வந்த யோகத்தைப் பார் என்று சுவாமிதாஸ் பல்லைக் கடித்திருப்பார், பல் மட்டும் இருந்திருந்தால்.

போதாக்குறைக்கு அந்த டின்னை அவர் கட்டிலுக்கு நேரே ஜன்னல் ஓரத்தில் கொண்டுவந்து வைத்திருந்தாள். அடுக்களையில் எறும்பு வருகிறதாம்.

பஸ் போன சத்தம் அடங்கியதும் சுவாமிதாஸ் எழுந்தார். கைசர் பின்பக்கம் கட்டிக் கிடப்பதை எட்டிப் பார்த்துக்கொண்டார். டின்னைத் திறந்து ஒன்றை வாயில் போட்டார். மெல்லவே வேண்டாம், நாக்கில் கரைந்தது. நடுவில் ஒரு கிஸ்மிஸ் தித்தித்தது. இன்னொன்று எடுத்தார். பிறகு இன்னொன்று.

திருடித் தின்றால் அவள் கையால் தின்றதாகாது என்று அவர் தனக்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். ஆனாலும் வெட்கம் பிடுங்கித் தின்றது. இந்த வயதில், வாயில்லா ஜீவனின் பங்கைப் பறித்துத் தின்கிற பிழைப்பு! இன்றோடு சரி என்று தினமும்தான் நினைத்தார். ஆனால் கொஞ்ச நாளாகப் படி ஏறினால் கண் இருட்டுவதில்லை.

சாயங்காலம், மிருக ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு அஜீஷ் கைசருக்குப் பூச்சி மருந்தோடு வந்தான். சுவாமிதாஸ் அறையில் கண்ணை மூடிக் கிடந்தார். அடுக்களைப் பேச்சு நன்றாகவே கேட்டது.

“நாய்க்குப் பிஸ்கட்டா எக்கா? கொள்ளாமே! நிக்கவே தெம்பில்லாம வாறீங்க, இதுக்கு எங்கேருந்து நேரம்?”

“நேரத்த நாமதான் உண்டாக்கணும் மக்கா.”

“எக்கா! இதென்னது, உள்ள கிஸ்மிஸா? ஐயோ, நாய்க்கு இது விஷமாக்கும்! கிட்னி போயிரும். எத்தன நாளா குடுக்கீங்க?”

சுவாமிதாஸ் கட்டிலை விட்டு எழுந்தார். இவள் தன் கையால் கைசருக்கு எத்தனை கொடுத்தாளோ! சுவரைப் பிடித்துக்கொண்டு அடுக்களை வாசல்வரை வந்துவிட்டார்.

“சத்தம் போடாதலே.” லிஜாவின் குரலில் ஒரு பொட்டுத் தெம்பில்லை. “எனக்குத் தெரியும். கைசர் இத மோந்துகூடப் பாத்ததில்ல.”

“பின்ன ஆருக்கு?”

“ரத்தம் இல்லாத ஒரு ஆளுக்கு. மனுசனுக்குன்னு வச்சா தொடமாட்டாரு. வாய் தவறி ஒரு வாக்கு விட்டுட்டாரு, பாவம். நீ வெளிய சொல்லிராத, அவருக்குக் கொறச்சலாப் போவும்.”

சுவாமிதாஸ் வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றார். கண் நிறைந்துவிட்டது. பின்பக்கம் கைசர் மீன்சோறு தின்ற சுகத்தில் தூங்கிக்கொண்டிருந்தது.

அவர் மெல்ல உள்ளே வந்தார். லிஜா பதறிப்போய் பிஸ்கட் தட்டைப் பின்னால் மறைத்தாள். அவர் அவள் முன்னால் கையை நீட்டினார்.

“மறைக்காத மக்கா. இந்த நாய்க்குப் பசிக்குது. இனி உன் கையாலயே குடு.”