பலகை மூடிய விரல்கள்

தொட்டதும் விரல்கள் சுருங்கிக்கொண்டன.

அவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

மென்பவளம்தான். பாசி எடுக்க முங்குகிறவளுக்கு இது புதிதா என்ன? கடலுக்கடியில் பாறை கண்ட இடமெல்லாம் கொழகொழவென்று விரல் விரலாக முளைத்து ஆடும். ஆனால் இது பாறை இல்லை. கைக்குக் கீழே மரம்.

மூச்சு முட்டியது. மேலே போய் ஒரு வாய்க் காற்று வாங்கிக்கொண்டு மறுபடி முங்கினாள்.

வள்ளம். மூழ்கிப்போன படகு, பாறை இடுக்கில் ஒருக்களித்துக் கிடந்தது.

மாமியார் நாகவள்ளி இந்தப் பக்கம் அவளை அண்டவே விட்டதில்லை. "அங்கிட்டு நீவாடு இழுத்துட்டுப் போயிரும், நீ இங்கிட்டே எடு" என்பாள். தான் மட்டும் போவாள். இன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல். மேலே வத்தைப் படகில் சுருண்டு படுத்துவிட்டாள். இவளுக்கு எங்கிருந்துதான் அந்தத் துணிச்சல் வந்ததோ, வந்துவிட்டாள்.

மூன்று வருஷம். புயலில் போன புருஷன் திரும்பவில்லை. வள்ளமும் கிடைக்கவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை. ஏதாவது ஒன்று கிடைக்கிறவரை தாலியை இறக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். கரையில் ஒரு கட்டை ஒதுங்கினாலும் அவள் அந்தப் பக்கம் போகமாட்டாள்.

முகப்புப் பலகையை அந்த விரல்கள் அப்பிக்கொண்டிருந்தன. வழித்தால் வந்துவிடும். கீழே ஒரு பேர் இருக்கும். கல்யாணமான புதிதில் அவன் மஞ்சள் பெயின்டில் எழுதிய அவள் பேராக இருக்கும். இல்லையென்றால் வேறு யாருடைய வள்ளமோ.

சாமி, வேறு யாருடையதாவது இருக்கட்டும்.

கையை நீட்டினாள்.

அப்போதுதான் பார்த்தாள். பலகை ஓரத்து ஆணியில் ஒரு கைலிக் கிழிசல் முடிச்சுப் போட்டுக் கிடந்தது. பச்சைக் கட்டம். பாறை கிழிக்காமலிருக்க, மகனுடைய கைலியைக் கிழித்துத்தான் நாகவள்ளி தன் கைவிரல்களில் சுற்றிக்கொண்டு முங்குவாள்.

ஒன்றில்லை. பழசும் புதுசுமாக ஒரு கொத்து.

அடப் பாவி மாமி! இத்தனை நாளும் நெஞ்சுக்குள்ளேயே வைத்து அழுதாயா?

நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். பலகையில் விரல்கள் மெல்ல மறுபடி விரிந்தன.

வத்தையைப் பிடித்து ஏறியபோது நாகவள்ளி எழுந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"அங்கிட்டா போன? என்னத்தப் பாத்த?"

"என்ன கெடக்கு மாமி. வெறும் கல்லு."

நாகவள்ளி அவளையே பார்த்தாள். பிறகு கொதிக்கிற கையால், மருமகளின் சட்டைக்கு வெளியே தொங்கிய தாலியை எடுத்து உள்ளே போட்டுவிட்டாள்.

"வெளிய கெடக்கு பாரு. கடல் புடுங்கிரும்."