சி.ஏ.வா, கடையா?

இன்னும் கொஞ்ச நேரம் போனால் துப்பட்டாவின் நுனி தனியாகக் கையோடு வந்துவிடும். மேதா அதைப் போட்டு அந்தத் திருகு திருகிக்கொண்டிருந்தாள். பதினெட்டு வயதில் முதல் இன்டர்வியூ என்றால் சும்மாவா?

மைசூர் அக்ரஹாரத்துத் துணிக்கடை ஒன்றின் பின்பக்க அறை அது. சுற்றிலும் புடவைப் பெட்டிகள், நடுவில் ஒரு மேஜை. தசரா நெருங்கிவிட்டால் இந்தத் தெருவில் ‘ஆள் தேவை’ போர்டு தொங்காத கடை கிடையாது. அந்தப் போர்டால் வந்த வினைதான் இது.

மேஜைக்கு அந்தப் பக்கம் வைஷாலி. முப்பது வயதிருக்கும். பெரிய பெரிய புடவைக் கடைகளில் பழம் தின்று கொட்டை போட்டவள் என்பதை அவள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்த விதமே சொன்னது.

அப்பா சுப்ரமணியன் காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டார். “இந்த இன்டர்வியூவ ஒழுங்கா முடி, நாளைலேருந்து கடையில நில்லு. சொதப்பினியோ, மூட்டையக் கட்டு, பெங்களூர்ல சி.ஏ. கோச்சிங். மனுஷங்க முகத்தப் பாத்துப் பேசத் தெரியாதவ துணிக்கடையில என்னத்தக் கிழிக்கப் போறே?”

“சிரிச்ச முகமா இரு. ஆனா பல்லக் காட்டாதே” என்றாள் அம்மா கனகலக்ஷ்மி. அப்படி ஒரு சிரிப்பு எப்படிச் சிரிப்பது என்று மேதாவுக்குத் தெரியவில்லை. இப்போது முயன்று பார்த்ததில் பல்வலிக்காரி மாதிரி இருந்தாள்.

சி.ஏ. என்றாலே அவளுக்குப் பயம். பி.யு.சி.யில், அதாவது ப்ளஸ் டூவில், அவள் போட்ட பேலன்ஸ் ஷீட்டின் இரண்டு பக்கமும் ஒரு நாளும் ஒத்துப்போனதில்லை. அந்தப் பயத்தில் ஒரு வாரமாக யூடியூபே கதி என்று கிடந்தாள். ‘உங்களைப் பத்திச் சொல்லுங்க’ என்கிற அந்த முதல் கேள்வியைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, குரலை ஏற்றி இறக்கி, மனப்பாடமே செய்துவைத்திருந்தாள்.

தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். “வணக்கம் மேடம்...”

“ம். உங்களப் பத்திச் சொல்லுங்க” என்றாள் வைஷாலி.

அவ்வளவுதான், ஒரு வார உழைப்பும் காற்றில் போயிற்று. “நான்... மேதா. பி.யு.சி. முடிச்சிருக்கேன் மேடம். பாஸ்தான். ஜஸ்ட் பாஸ்.”

யார் கேட்டார்கள் அந்த ‘ஜஸ்ட்’டை? மேதா மனதுக்குள் தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள்.

“துணிக்கடை அனுபவம் ஏதாவது?”

“சின்ன வயசுலேருந்து இருக்கு மேடம். புடவை அடுக்குக்குள்ள ஒளிஞ்சு விளையாடின அனுபவம்.”

வைஷாலியின் உதடு லேசாகக் கோணியது. சிரிப்பா, ஏளனமா என்று புரியவில்லை.

“ஒரு அம்மா, இந்தக் கலர் எனக்கு எப்படி இருக்குன்னு கேக்கறாங்க. சகிக்கல. என்ன சொல்லணும்?”

“உண்மையத்தான் சொல்லணும் மேடம். எங்க அத்தைகிட்ட ஒரு தடவ சொன்னேன். இன்னும் எங்கிட்டப் பேசறதில்ல.”

“ஹௌதா, அப்படியா! சரி, இன்னொரு அம்மா கடையையே பிரிச்சுப் போடச் சொல்றாங்க. கடைசில, ‘அப்புறம் பாக்கலாம்’னு கெளம்பிடறாங்க. யாரத் திட்டுவீங்க?”

“ஐயோ, யாரையும் திட்ட மாட்டேன். திட்ட ஆரம்பிச்சா எனக்குத்தான் முதல்ல அழுகை வரும். கூட உக்காந்து புடவைய மடிச்சுக் கொடுப்பேன். ஆனா நான் மடிச்சத இன்னொருத்தர் மறுபடி மடிக்கணும் மேடம்.”

வைஷாலி அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். “பல கடையில கஸ்டமர் இல்லேன்னாலும் நின்னுட்டேதான் இருக்கணும்பாங்க. நீங்க என்ன சொல்றீங்க?”

“எதுக்கு நிக்கணும்? நின்னா புடவை தானா வித்துடுமா? சொல்ப நேரம் உக்காந்தா என்ன குறைஞ்சு போச்சு?”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அடிப்பாவி மேதா, முதல் இன்டர்வியூவில் வந்து உட்காருவதைப் பற்றியா பேசுவாய்? அப்பா கேட்டால் இன்றைக்கே பெங்களூருக்கு டிக்கெட் எடுத்துவிடுவார்.

“கடைசியா ஒண்ணு. ஜம்பூ சவாரி அன்னிக்கு லீவா?”

இதற்கு யூடியூபில் பதில் இல்லை. மைசூரில் பிறந்துவிட்டு, தசரா யானை ஊர்வலம் போகிற நாளில் கடையில் உட்கார்ந்திருக்க முடியுமா? வாய் அதுபாட்டுக்குப் பேசியது. “அன்னிக்கு நானே கடைப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன் மேடம். காலைலயே ரோட்டோரம் எடம் பிடிக்கப் போயிடுவேன்!”

வைஷாலி கைப்பையை ‘டப்’பென்று மூடினாள். போச்சு, எல்லாம் போச்சு. பெங்களூர் ஹாஸ்டலும் பேலன்ஸ் ஷீட்டும் மேதாவின் கண்முன்னால் வரிசைகட்டி வந்தன.

வைஷாலி எழுந்து நின்றாள். இவ்வளவு நேரமும் காணாத ஒரு சிரிப்பு அவள் முகத்தில் பரவியது. “எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு” என்றாள்.

“நிஜமாவா மேடம்?” மேதா துள்ளி எழுந்த வேகத்தில் நாற்காலி பின்பக்கம் சாய்ந்து விழுந்தது. சி.ஏ.வாவது, கோச்சிங்காவது! அவளுக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை.

வைஷாலி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இரண்டு கையையும் கூப்பினாள்.

“அப்போ நாளைலேருந்து உங்க கடைக்கு வேலைக்கு வந்துடறேன், மொதலாளியம்மா!”