அரசாங்கம் வேண்டாதவர்

“மறைக்காதம்மா. கைய வெளிய வையி. அந்தாளு பாக்கட்டும்.”

மகள் வேல்விழி அதட்டியதும், முந்தானைக்குள் வைத்திருந்த வலது கையை எடுத்து மடிமேல் வைத்தாள் சொர்ணாம்பாள். சூளையிலிருந்து இறக்கிய சூடு ஆறாத தட்டு சரிந்து விழுந்ததில் நாலு விரலும் ஒன்றோடொன்று ஒட்டிப்போன கை.

அதே தொழிலாளர் அலுவலகம், அதே நீள பெஞ்சு. இடது கோடியில் தாயும் மகளும். வலது கோடியில் பீங்கான் கம்பெனி முதலாளி சாமிதுரை. ஆபீஸ் திறக்கும் முன்பே வந்து உட்கார்ந்துவிட்டார்.

போன வருஷம் இங்கேதான், “இந்தப் பொம்பள என் ஆளே இல்லிங்க” என்று ஒரே வரியில் கதையை முடித்தார் அவர். விருத்தாசலத்தில் அவர் கம்பெனியில் பதினெட்டு வருஷம் விளக்கு வார்த்தவள் சொர்ணாம்பாள். அதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட அவர் யாருக்கும் கொடுத்ததில்லை. கம்பெனி ஆள் என்று நிரூபித்தால்தான் கைக்கு நஷ்டஈடு. நிரூபிக்க முடியவில்லை. மனு தள்ளுபடி.

“என்னா பாப்பா, படிப்பெல்லாம் முடிஞ்சிதா?” என்றார் சாமிதுரை.

“முடிஞ்சிதுங்க. எம்.ஏ. அரசியல் அறிவியல். எங்கம்மா உங்ககிட்ட வாங்குன சம்பளத்துலதான் படிச்சேன். அடடா, மறந்துட்டேன். எங்கம்மாதான் உங்ககிட்ட வேலையே செய்யலயே!”

சாமிதுரை சிரித்தார். “நல்லா பேசற. இந்த லிபர்டேரியன்னு ஒண்ணு இருக்குதே, அது படிச்சியா? எம் பையன் அமெரிக்காவுலேர்ந்து வீடியோ வீடியோவா அனுப்பறான். நான் அதான். அரசாங்கம் எதுலயும் தலையிடக் கூடாது. குடுக்கறவன் குடுக்கறான், செய்யறவன் செய்யறான். புடிக்கலயா, வுட்டுட்டுப் போயிக்கினே இரு. நடுவுல இந்த ஆபீஸு எதுக்கு, இதுக்கு ஒரு ஃபேனு எதுக்கு?”

“அனார்கிஸ்ட்டும் அரசாங்கம் வேணாம்னுதாங்க சொல்றான்.”

“அப்பறம் என்னா? நீயும் நானும் ஒரே கட்சி!”

“கட்சி இல்லிங்க, பெஞ்சுதான் ஒண்ணு. நீங்க அந்தக் கோடி, நாங்க இந்தக் கோடி.” வேல்விழியின் குரல் ஏறியது. “ஒங்காளு அரசாங்கத்த மட்டும் வேணாம்பான். மொதலாளி மேல கைய வெக்க மாட்டான். சொத்து, கம்பெனி, லாபம் எல்லாம் அப்பிடியே இருக்கணும். அதான் வலது. எங்காளு அரசாங்கத்தோட மொதலாளியையும் சேத்துத் தூக்கிக் கடாசுன்னுவான். அதான் இடது. அந்த லிபர்டேரியன்ங்கிற பேரே மொதல்ல எங்காளுங்க வெச்சிக்கினதுதான். அதையும் நீங்க எடுத்துக்கினீங்க.”

“படிச்ச திமிரு!”

“ஆமாங்க. எங்க வூட்லயே மொத மொதல்ல படிச்சவ. கொஞ்சம் ஜாஸ்தியாதான் இருக்கும்.”

“மொதலாளிய கடாசிட்டா சூளை எப்பிடி எரியும்? யாரு எரிப்பா?”

“எரியுதுங்களே” என்றாள் சொர்ணாம்பாள். வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை.

சாமிதுரையின் முகம் சுண்டிப்போனது. அவர் செல்போன் அடித்தது. பெயரைப் பார்த்துவிட்டுக் கட் செய்தார். மறுபடியும் அடித்தது.

“எடுத்துப் பேசுங்க. கார்த்திகைக்கு வெளக்கு கேட்டவங்களா இருக்கும். பாவம், காத்துக்கினு இருப்பாங்க” என்றாள் வேல்விழி. அவள் சிரிக்கக்கூட இல்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். ஆபீசர் புதிதாக மாற்றலாகி வந்த பெண். நிமிர்ந்து மூன்று பேரையும் பார்த்தார்.

“மனு குடுத்தது யாரு? சொல்லுங்க, அப்படியே பதிவு பண்ணிக்கிறேன்.”

வேல்விழி அசையவில்லை. சொர்ணாம்பாளும் அசையவில்லை. சாமிதுரைதான் முன்னால் வந்து, இடுப்பு வளைய ஒரு கும்பிடு போட்டார்.

“நாந்தாங்க மேடம். எங்கிட்ட இருந்த அத்தன பேரும் ஒரே நாள்ல சொல்லாம கொள்ளாம கெளம்பிட்டாங்க. கம்மாபுரம் ரோட்டுல ஷெட்டு புடிச்சி, அவங்களே சூளை போட்டு, அவங்களே வித்துக்கறாங்க. கேட்டா அங்க மொதலாளியே கெடையாதாம்! கார்த்திகை வருது மேடம். அரசாங்கம்தான் தலையிட்டு அவங்களத் திருப்பி அனுப்பணும். இந்த ஆத்தாளும் மவளும்தான் எல்லாத்துக்கும் காரணம்.”

ஆபீசர் சொர்ணாம்பாள் பக்கம் திரும்பினார். “ஏம்மா, நீங்க இவர்கிட்டதான் வேலை பாத்தீங்களா?”

சொர்ணாம்பாள் ஒட்டிப்போன விரல்களை மேஜைமேல் வைத்தாள். சாமிதுரையை நேராகப் பார்த்தாள்.

“நான் இவரு ஆளே இல்லிங்க மேடம்.”

சாமிதுரை மேஜையை ஓங்கித் தட்டிக் கத்தினார்.

“பொய்யி மேடம்! பதினெட்டு வருஷமா இவ என் கம்பெனி ஆளு, எழுதிக்கோங்க!”