பிரேக் போடாத கார்

கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்கிறேன், இதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை.

சேலத்துக் குழந்தைவேலுவின் சின்ன கார் தானாகவே ஓடும். உரிமையாளர் தன் பழைய காரை ஓட்டிய பதிவைப் பார்த்து ஓட்டக் கற்றுக்கொள்ளும். இறக்கம் வந்தால் எஞ்சினை அணைத்து நியூட்ரலில் விடுவதும், பிரேக்கைத் தொட்டால் மைலேஜ் போய்விடும் என்று மனைவி தவமணியைத் திட்டுவதும் அவர் பழக்கம்.

ஒருநாள் இருவரும் ஏற்காட்டு மலையிலிருந்து இறங்கும்போது கார் எஞ்சினை அணைத்தது. முதல் வளைவில் டயர் கிறீச்சிட்டது. இரண்டாவதில் தடுப்புச் சுவரை உரசியது. அந்தப் பக்கம் வெறும் பள்ளம். காலால் மிதிக்கக் காரில் எதுவும் இல்லை.

“ஏங்க, நிறுத்தச் சொல்லுங்க,” என்றாள் தவமணி.

“பிரேக் போட்டால் லிட்டருக்கு இருபத்தொன்பது கிலோமீட்டர் என்ற உங்கள் கணக்கு குறைந்துவிடும். சம்மதமா ஐயா?” என்று கார் பணிவாகக் கேட்டது.

தெருவில் அவருக்கு மரியாதையே அந்த இருபத்தொன்பதால்தான். பள்ளத்தையும் திரையில் இருந்த மைலேஜ் எண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்குள் மூன்றாவது வளைவும் போய்விட்டது. எதிரே பஸ் ஒன்று ஏறி வந்தது.

“சம்மதம், சம்மதம்,” என்று அலறினார். கார் நின்றது.

தவமணி இறங்கினாள். “ஒரு வளைவு முழுக்க யோசிச்சீங்களே,” என்று சொல்லிவிட்டுக் கீழ்நோக்கி நடந்தாள். காரில் தனியாக இருக்கப் பயந்து அவரும் பின்னாலேயே ஓடினார்.

ஏற்காடு வரை போய்வந்த அந்தக் காரின் மீட்டர், ஓடிய மொத்தத் தூரம் என்று இன்றைக்கும் நான்கு கிலோமீட்டர்தான் காட்டுகிறது. ஷோரூமிலிருந்து அவர் வீட்டுக்கு அவ்வளவுதான் தூரம்.