முதல் கல்யாணத்தைப் பற்றி மட்டும்

"கட்டிக்கப் போறவரைப் பத்தி ஒரு வார்த்தை வேண்டாம்மா. முதல் கல்யாணத்தைப் பத்தி மட்டும் சொல்லுங்க."

"தம்பி, அதுல ஒரு விஷயம் இருக்கு..."

"கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னா போதும். மனசு குணமாக அதுதான் முறை. கதவு சாத்தியிருக்கு, வெளியே கேட்காது."

சபையின் குடும்ப ஆலோசகருக்கு முப்பது வயது. இந்தச் சபைக்கு வந்து நாலு மாதம்தான் ஆகிறது. இன்னும் கல்யாணம் ஆகவில்லை, ஆனால் கல்யாணத்தைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. மறுமணம் என்று யார் வந்தாலும் இருவரையும் தனித்தனியாக உட்கார வைத்துப் பேசுவார். பழைய காயம் ஆறிவிட்டது என்று அவர் கையெழுத்துப் போட்டால்தான் போதகர் ஞாயிறு ஆராதனையில் இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று திருமண ஓலை வாசிப்பார். கையெழுத்து இல்லையென்றால் கல்யாணமும் இல்லை.

எதிரே இருந்த மணப்பெண்ணுக்கு ஐம்பத்து மூன்று வயது. பள்ளிக்கூடத்தில் நூலகர். மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். நல்ல சட்டை போட்டுக்கொண்டு வெளியே பெஞ்சில் தன் முறைக்காகக் காத்திருந்தார்.

"சரி, உங்க இஷ்டம்" என்று நூலகரம்மா ஆரம்பித்தார். "பகல் முழுக்க நூலகத்துல பிள்ளைங்களை 'உஷ்... உஷ்'னு அடக்கிட்டு, நானும் வாயைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். வீட்டுக்கு வந்தா நாலு வார்த்தை பேசணும்னு நாக்கு துடிக்கும். என் முதல் வீட்டுக்காரரோ வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும்னு இருப்பார்."

"அடிப்பாரா?"

"சேச்சே! செருப்பு வார் அறுந்துதுன்னா நான் சொல்லவே வேண்டாம். மறுநாள் காலையில தைச்சு வாசல்ல இருக்கும். மழையில குடையை முழுசா என் பக்கம் சாய்ச்சுட்டு, அவர் தொப்பலா நனைஞ்சுட்டு வருவார். 'உள்ள வாங்களேன்'னா, 'ம்'பார். அந்த 'ம்' ஒண்ணுதான் எங்க வீட்டு வசனம்."

சொல்லச் சொல்ல அவர் முகத்தில் இருபது வயது குறைந்தது.

"அப்ப அதோட அருமை தெரியலை, தம்பி. எங்கம்மா தவறினப்போ பக்கத்துலேயே நின்னார். ஒரு ஆறுதல் வார்த்தை வரலை. சுவரோட எவ்வளவு நாள்தான் குடும்பம் நடத்துறதுன்னு நான்தான் பிரிஞ்சு வந்து விவாகரத்தும் வாங்கினேன்."

"இன்னும் அவரை நினைக்கிறீங்களா?"

"மழை வந்தாலே நினைப்பு வந்துடும். பொய் சொல்ல மாட்டேன்."

ஆலோசகர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு படிவத்தில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டார்.

அடுத்து மாப்பிள்ளையின் முறை. அவருக்கும் அதே நிபந்தனை. அவர் தன் காய்ப்புக் காய்த்த கைகளையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"என் முதல் சம்சாரம் அடுப்படியில இருந்தே பேசிட்டிருப்பா, பிரதர். கேள்வியும் அவளே, பதிலும் அவளே. 'இன்னிக்கு என்ன சமைக்கட்டும்? நேத்து வைச்சதே இருக்கே, அதையே சாப்பிடுங்க!' அப்புறம் அவளே சிரிப்பா. அந்தச் சத்தத்துலதான் வீடு வீடா இருந்துச்சு."

"பிறகு ஏன் பிரிஞ்சீங்க?"

"தப்பு என்மேலதான். மன்னிப்புக் கேட்க ஒரே ஒரு வரி. பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி மூணு நாள் மனப்பாடம் பண்ணினேன். நாலாம் நாள் அவ பெட்டியோட வாசல்ல வந்து நின்னா. அவ முகத்தைப் பார்த்ததும் அந்த வரி மறந்துபோச்சு."

அவர் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மனஸ்தாபத்தை வைச்சுக்கிட்டு, அப்பமும் ரசமும் தர்ற திருவிருந்துக்குக் கை நீட்டக் கூடாதுன்னு, எட்டு வருஷமா கடைசி பெஞ்சுலேயே உட்கார்ந்துடுறேன். பொதுவா பாவ அறிக்கை சொல்ற நேரத்துல எல்லாரும் என்னென்னவோ சொல்லுவாங்க. நான் அவ பேரை மட்டும் சொல்லுவேன்."

ஆலோசகர் இந்த முறை இரண்டு கோடு போட்டார். பாவம், மனுஷன் நல்லவர்தான். ஆனால் பரிதாபம் வேறு, முறை வேறு.

இருவரையும் சேர்த்து உட்கார வைத்தார்.

"என்னை மன்னிக்கணும். இதுல என்னால கையெழுத்துப் போட முடியாது."

மாப்பிள்ளைக்கு முகம் வெளுத்துவிட்டது. நூலகரம்மா விடவில்லை. "வர்ற ஞாயிறு ஓலை வாசிக்கணும், தம்பி. என்ன குறை கண்டீங்க?"

உள்ளே பேசியதை வெளியே சொல்லக் கூடாது என்பது ஆலோசகர் தானே போட்ட விதி. ஆனால் விதிக்காக ஒரு பெண்ணைப் பாழுங்கிணற்றில் தள்ள அவருக்கு மனம் வரவில்லை.

"அம்மா, நீங்க உங்க முதல் கணவரை இன்னும் மறக்கலை. போகட்டும், அதையாவது ஆறப்போடலாம். இவர் உங்களைவிட மோசம். முதல் மனைவியை நினைச்சு இன்னிக்கும் உருகிட்டிருக்கார். அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்க மூணு நாள் மனப்பாடம் பண்ணினாராம். கேட்க முடியலையேன்னு எட்டு வருஷமா திருவிருந்துகூட எடுக்கலையாம். இப்படிப்பட்டவருக்கு எந்த நம்பிக்கையில கழுத்தை நீட்டுவீங்க?"

மாப்பிள்ளை தரையைப் பார்த்தபடி இருந்தார். இனி அழுகைதான் என்று ஆலோசகர் காகிதக் கைக்குட்டைப் பெட்டியை முன்னால் நகர்த்தி வைத்தார்.

நூலகரம்மா அழத்தான் செய்தார். அழுதுகொண்டே மாப்பிள்ளையின் பக்கம் திரும்பி, அவர் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தார்.

"அட பாவி மனுஷா! இதை அன்னிக்கே என்கிட்ட சொல்லித் தொலைச்சிருந்தா, நாம ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் ரெண்டாவது தடவை கட்டிக்க வேண்டிய வேலையே வந்திருக்காதே!"